ஏழாம் அமர்வு

மாசிலாமணி இருபத்து நான்கு வருடங்கள் சிங்கப்பூரில் இரண்டு மாடி பஸ் ஓட்டியவர். அத்தனை வருடங்களில் அவர் வண்டியால் ஒரு பூனைக்குக்கூடக் காயம் பட்டதில்லை. இதைப் பாராட்டிக் கம்பெனி நான்கு கேடயங்கள் கொடுத்திருந்தது. தோ பாயோ வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் அவை வரிசையாக நின்றன. ஒன்பது மாதங்களுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், லிட்டில் இந்தியாவில் எள் விழ இடமில்லாத கூட்டத்தில், சாம்பல் நிறச் சட்டை போட்ட ஒருவர் பாதசாரி விளக்கில் சிவப்பு மனிதன் எரிந்துகொண்டிருந்தபோதே சிராங்கூன் சாலையில் இறங்கினார். பஸ் நின்றது. ஆனால் அவரை இடித்த பிறகு நின்றது. இரண்டு நாள் கழித்து அவர் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

போலீஸ் விசாரித்தது. கம்பெனி விசாரித்தது. ஓட்டுநர் மேல் குற்றமில்லை என்று இரண்டு தரப்பும் எழுதிக் கையெழுத்துப் போட்டன. அந்தத் தாள்களுக்குத் தெரியாத ஒன்று மாசிலாமணிக்குத் தெரியும். சாலையோரத்தில் நின்ற அந்த மனிதர் இறங்குவதற்கு முன்னால் கையை நீட்டி பஸ்ஸை நிறுத்தச் சொன்னார். ஸ்டாப் இல்லாத இடத்தில் ஆள் ஏற்றக் கூடாது என்பது சட்டம். மாசிலாமணி சட்டத்தை மதிப்பவர். 'இங்கே இல்லை, ஸ்டாப்புக்குப் போங்கள்' என்று ஸ்டியரிங்கிலிருந்து வலது கையை எடுத்து ஆட்டிக் காட்டினார். அந்த நொடியில்தான் மனிதர் இறங்கினார். கை ஸ்டியரிங்கில் இருந்திருந்தால் வண்டியை ஒதுக்கியிருக்கலாமோ என்னவோ. பஸ்ஸிலிருந்த கேமரா சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தது, கையைப் பார்க்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

அன்றிலிருந்து அவருக்கு எதுவும் சரியாக இல்லை. அரிசி மூட்டையை யாராவது பொத்தென்று கீழே வைத்தால் உடம்பு தூக்கிப் போடும். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தால் வலது கை மரத்துப்போகும். டாக்டர் இதற்கு 'அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தம்' என்று பெயர் சொன்னார். பெயர் கிடைத்ததில் கொஞ்சம் ஆறுதல்தான். ஆனால் மாசிலாமணிக்கு வேண்டியிருந்தது பெயர் இல்லை. அந்தக் கை விஷயத்தை யாரிடமாவது சொல்ல வேண்டும். கேட்டவர் 'நீதான் காரணம்' என்று சொன்னாலும் சரி, 'இல்லை' என்று சொன்னாலும் சரி. மனைவி விசாலாட்சியிடம் சொல்லிப் பயனில்லை. விஷயத்தைக் கேட்டு முடிப்பதற்கு முன்பே 'உங்க மேல தப்பே இல்லைங்க' என்று சொல்லிவிடுவாள்.

இந்த நிலையில்தான் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. 'நிம்மதித்தளம்' என்ற இணைய ஆலோசனை நிறுவனத்தில் ஆறு அமர்வுகளை முடித்து, 'குணமடைந்தவர்' என்ற சான்றிதழை மூன்று மாதத்துக்குள் கொண்டுவர வேண்டும். தவறினால் ஓட்டுநர் வேலை கிடையாது, டிப்போவில் பஸ் கழுவலாம். கடிதத்தின் அடியில் நிம்மதித்தளத்தின் முழக்கம் அச்சாகியிருந்தது: 'வீட்டிலேயே இருங்கள். விரைவிலேயே மறப்பீர்கள்.'

மாசிலாமணிக்குச் சந்தோஷமாகவே இருந்தது. கேட்பதற்கென்றே ஒரு ஆளை நியமித்திருக்கிறார்கள். இனி என்ன கவலை?

அன்றைக்கே கணினி முன்னால் உட்கார்ந்து பதிவு செய்யத் தொடங்கினார். பெயர், பிறந்த தேதி, கடைசியாக எப்போது அழுதீர்கள் என்ற கேள்வி, எல்லாம் முடிந்ததும் திரையில் ஒரு கட்டளை தோன்றியது. 'நீங்கள் மனிதர்தான் என்பதை உறுதிசெய்யவும். கீழுள்ள படங்களில் பாதசாரிகள் சாலையைக் கடக்கும் கோடுகள் உள்ளவற்றை மட்டும் தேர்ந்தெடுக்கவும்.'

ஒன்பது படங்கள். ஒன்பதிலும் சாலை. மாசிலாமணி முதல் கட்டத்தைத் தொட்டார். இரண்டாவதைத் தொட்டார். மூன்றாவதில் கோட்டின் மேல் ஒரு மனிதன் நடந்துகொண்டிருந்தான். அதற்குப் பிறகு அவருக்குக் கண் தெரியவில்லை. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. திரை பணிவாகச் சொன்னது: 'மன்னிக்கவும். நீங்கள் இயந்திரமாக இருக்கக்கூடும். மீண்டும் முயலவும்.' இந்த முறை பஸ் உள்ள படங்களைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது.

உதவிப் பகுதிக்கு எழுதினார். நான்கு நாட்களில் பதில் வந்தது. 'உங்கள் சிரமத்தை மதிக்கிறோம். படங்களைப் பார்க்க இயலாதவர்களுக்காக ஒலிச் சோதனை உள்ளது.' மாசிலாமணி ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்டார். பரபரப்பான ஒரு சாலையின் இரைச்சல். ஹாரன் சத்தம். பிரேக் தேய்கிற சத்தம். அதற்கு நடுவே ஒரு பெண் குரல் எண்களைச் சொன்னது. எண்களை அவர் கேட்கவில்லை. காதில் இருந்ததைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

விசாலாட்சி சாம்பார்க் கரண்டியோடு வந்து, பதினொரு நொடியில் எல்லாக் கோடுகளையும் தட்டி முடித்தாள். "இதுக்காங்க இவ்வளவு பாடு?" என்று கேட்டுவிட்டு அடுப்பங்கரைக்குத் திரும்பினாள். நிம்மதித்தளத்தின் பதிவேட்டின்படி அன்று மனிதர் என்று நிரூபணமானது விசாலாட்சிதான். ஆலோசனை பெறத் தகுதி அடைந்தது மாசிலாமணி. இந்த வேறுபாட்டை யாரும் கவனிக்கவில்லை.

அடுத்த வாரம் பிற்பகல் மூன்று மணிக்கு முதல் அமர்வு. தொடங்குவதற்கு முன் இன்னொரு கேள்வி. 'இந்த நொடியில் உங்கள் மன உளைச்சல் எவ்வளவு? ஒன்று முதல் பத்துவரை.' மாசிலாமணி பொய் சொல்லிப் பழகாதவர். ஒன்பது என்று போட்டார். திரை சிவப்பாக மாறியது. 'ஆலோசனை பெற முடியாத அளவுக்கு நீங்கள் உளைச்சலில் இருக்கிறீர்கள். உங்கள் பாதுகாப்பைக் கருதி அமர்வு ரத்து செய்யப்படுகிறது. அமைதியடைந்த பிறகு வாருங்கள்.'

மறுவாரம் வந்தார். சிவப்பு நிறத்துக்குப் பயந்து இரண்டு என்று போட்டார். திரையில் வண்ணத் தாள்கள் பறந்தன. 'வாழ்த்துகள்! உங்களுக்கு ஆலோசனை தேவையில்லை. உங்கள் இடம் தேவையுள்ள ஒருவருக்கு வழங்கப்படுகிறது.' அந்தத் தேவையுள்ள ஒருவர் யாரென்று யோசித்தபடியே மாசிலாமணி உட்கார்ந்திருந்தார்.

டிப்போ மேலாளர் அப்துல் ஹமீது இதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. நாலு ஓட்டுநர்களை இந்தத் தளத்துக்கு அனுப்பிப் பழகியவர் அவர்.

"அஞ்சு போடுங்கண்ணே. எல்லாரும் அஞ்சுதான் போடறாங்க."

"எனக்கு ஒம்போதுல இருக்கு பாய்."

"இருக்கட்டும்லா. ஒம்போத வீட்டுல வச்சிட்டு அஞ்ச எடுத்துட்டுப் போங்க. எனக்கு செர்டிபிகேட் வேணும், ஹெட் ஆபிஸ்ல என்னைப் போட்டுக் கொடையறாங்க."

மாசிலாமணி ஐந்து போட்டார். தளம் திறந்தது. அருவி ஒன்று கொட்டிக்கொண்டிருந்தது. அருவிக்கு நடுவில் நனையாமல் ஓர் இளைஞன் உட்கார்ந்திருந்தான். ஆலோசகர் அகிலன். பின்னணிப் படம் சரியாகப் பொருந்தாததால், அவன் தலையை ஆட்டும்போதெல்லாம் இடது காது அருவியில் அடித்துச்செல்லப்பட்டது. கேட்பதற்கென்று நியமிக்கப்பட்டவனுக்குக் காது இப்படி வந்து போவது மாசிலாமணிக்கு என்னவோபோல் இருந்தது.

"வணக்கம் ஐயா. நிம்மதித்தளம் தங்களை அன்புடன் வரவேற்கின்றது," என்றான் அகிலன். செய்தி வாசிப்பதுபோல் வாசித்தான். "தங்களது உணர்வுகள் யாவும் செல்லுபடியாகும். இவ்வமர்வு பன்னிரண்டு நிமிடங்கள் நடைபெறும்."

பன்னிரண்டில் மூன்று நிமிடம் விதிமுறைகளுக்குப் போயிற்று. நான்கு நிமிடம் மூச்சுப் பயிற்சி. கடைசி மூன்று நிமிடம் சேவையின் தரத்தைப் பற்றிக் கருத்துச் சொல்வதற்கு. மிச்சம் இருந்த இரண்டு நிமிடத்தில் மாசிலாமணி வேகமாகத் தொடங்கினார்.

"தம்பி, அன்னிக்கு அந்த ஆளு கைய நீட்டினாரு, நான் என்ன பண்ணேன்னா..."

"பொறுத்தருள்க ஐயா. நிகழ்வைப் பற்றிப் பேசுவது ஏழாம் அமர்வில் இடம்பெறுகின்றது."

"மொத்தமே ஆறுதானே தம்பி?"

"ஆம் ஐயா. ஏழாம் அமர்வு தேவைப்படாத வண்ணம் ஆறு அமர்வுகளிலேயே குணப்படுத்துவது எங்கள் தனிச்சிறப்பு."

மாசிலாமணி இதைப் பலமுறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார். எங்கோ ஓரிடத்தில் ஓட்டை இருக்கிறது என்று தெரிந்தது. ஆனால் சொன்ன விதத்தில் அத்தனை மரியாதை இருந்ததால் அவருக்கு வாய் எழவில்லை. மரியாதையாகப் பேசுகிறவர்களோடு சண்டை போட அவருக்கு வராது. இந்த மாதிரி நிறுவனங்கள் பிழைப்பதே இப்படிப்பட்டவர்களால்தான்.

இரண்டாம் அமர்வில் 'பாதுகாப்பான இடம்' ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். கண்ணை மூடினால் அந்த இடத்துக்குப் போய்விட வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை வரை மாசிலாமணிக்கு உலகத்திலேயே பாதுகாப்பான இடமாக இருந்தது ஓட்டுநர் இருக்கைதான். அது பட்டியலில் இல்லை. கடற்கரை, காடு, மலை, நூலகம், நான்குதான். செம்பவாங் கடலோரத்தில் ஒருமுறை நண்டு கடித்த அனுபவம் அவருக்கு உண்டு. இருந்தாலும் காட்டைவிடக் கடல் பரவாயில்லை என்று அதையே தட்டினார். அதற்குப் பிறகு கைத்தொலைபேசி நினைத்தபோதெல்லாம் அலை மாதிரி இரைந்தது. ஈரச்சந்தையில் மீன் வாங்கும்போது ஒருமுறை இரைந்து, மீன்காரர் தொட்டியில் தண்ணீர் வழிகிறதென்று ஓடினார்.

மூன்றாம் அமர்வில் ஒரு மரக்கன்று கொடுத்தார்கள். நிஜ மரம் இல்லை, திரைக்குள் இருக்கும் மரம். தினமும் தளத்துக்குள் நுழைந்தால் வளரும், நுழையாவிட்டால் வாடும். ஒருநாள் மறந்துவிட்டார். 'உங்கள் மரம் உங்களால் சாகிறது' என்று செய்தி வந்தது. மாசிலாமணி அந்த வரியை நின்ற இடத்திலேயே நான்கு முறை வாசித்தார். பிறகு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு, வெகு நேரம் எழவில்லை.

நான்காம் அமர்விலும் ஐந்தாம் அமர்விலும் அவர் கை விஷயத்தை எடுத்தார். இரண்டு தடவையும் அகிலனின் முகத்தில் என்னவோ ஓடியது. ஒரு தடவை அவன் "அப்ப நீங்க..." என்று சாதாரணமாகப் பேச வாயெடுத்தான். உடனே திரையின் மூலையில் மஞ்சள் மணி ஒன்று மினுங்கியது. "...தங்களது உணர்வு செல்லுபடியாகும் ஐயா," என்று முடித்துவிட்டான். ஆறாம் அமர்வு முழுவதும் கருத்துக் கணிப்பு. முடிந்ததும் வரைபடம் காட்டினார்கள். ஆறு முறையும் ஐந்து என்று போட்டிருந்ததால் கோடு நேராக இருந்தது. அதன் அடியில் 'உறுதியான முன்னேற்றம்' என்று எழுதியிருந்தது.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மறுநாள் நிம்மதித்தளத்திலிருந்து தொலைபேசி வந்தது. மாசிலாமணிதான் அவர்களுடைய பத்தாயிரமாவது குணமடைந்தவராம். லிட்டில் இந்தியாவில் மண்டபம் எடுத்து விழா நடத்துகிறார்கள். மேடையில் மூன்று நிமிடம் பேச வேண்டும். சான்றிதழை அங்கேதான் கையில் தருவார்கள். பேசவேண்டியதை அவர்களே எழுதி அனுப்பியிருந்தார்கள். "முன்பு நான் இருளில் இருந்தேன். இன்று என் விரல்நுனியில் விடியல்" என்று அது தொடங்கியது.

சனிக்கிழமை காலை மண்டபம் நிறைந்திருந்தது. பாதிப் பேர் நிம்மதித்தளத்தின் ஊழியர்கள், மீதிப் பேர் சாப்பாட்டுக்கு முன்பே வந்துவிட்டவர்கள். தலைமை நிம்மதி அதிகாரி ரமணன் மேடையேறினார். அப்படி ஒரு பதவி உலகத்தில் இருக்கிறது. அதற்கு உதவி நிம்மதி அதிகாரிகள் மூன்று பேர் உண்டு.

"அன்பார்ந்த பெரியோர்களே," என்றார் ரமணன். "முற்காலத்தில் ஒரு மனிதர் தம் துயரத்தைச் சொல்லி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. சில பேர் அழுது அதை இன்னும் நீட்டினார்கள். இன்று பன்னிரண்டே நிமிடம்! துயரத்தைச் சொல்லாமலேயே முடித்துக்கொள்ளும் வசதியை ஆசியாவிலேயே முதன்முறையாக நாங்கள்தான் கொண்டுவந்தோம்."

கைதட்டல்.

"எங்கள் தளத்துக்கு வருபவர்களில் நூற்றுக்கு அறுபத்து இரண்டு பேர் முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவதே இல்லை. குறை சொல்பவர்கள் இதைத் தோல்வி என்பார்கள். நான் கேட்கிறேன், குணமாகாதவர் திரும்பி வராமல் இருப்பாரா? வாசலைப் பார்த்த உடனேயே அவர்கள் குணமாகிவிட்டார்கள். அவர்களையும் சேர்த்துத்தான் பத்தாயிரம்!"

இன்னும் பலமான கைதட்டல்.

"என்னிடம் கேட்பார்கள், ஐயா, நீங்கள் எப்போதாவது பாதிக்கப்பட்டவர்களை நேரில் சந்தித்ததுண்டா என்று. இல்லை என்று பெருமையோடு சொல்வேன். சந்தித்தால் நடுநிலை போய்விடும்."

பிறகு மாசிலாமணியை அழைத்தார்கள். அவர் தாளைப் பிரித்தார். "முன்பு நான் இருளில் இருந்தேன்," என்று வாசித்தார். அடுத்த வரியில் வாய் நின்றுவிட்டது. கீழே இருநூறு முகங்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. ஒன்பது மாதத்தில் இத்தனை பேர் ஒன்றாக அவர் பக்கம் திரும்பியது இதுதான் முதல் தடவை. தாளை மடித்துப் பையில் வைத்தார்.

"அன்னிக்கு நான் ஸ்டியரிங்லேர்ந்து கைய எடுத்துட்டேங்க," என்றார். "அந்த ஆளு பஸ்ஸ நிறுத்தச் சொல்லிக் கைய நீட்டினாரு. ஸ்டாப்புக்குப் போங்கன்னு நானும் கைய ஆட்டினேன். அப்பத்தான் எறங்கிட்டாரு. கை இருந்திருந்தா ஒதுக்கியிருப்பேனோ என்னமோ. போலீஸ்கிட்ட சொல்லல. யாருகிட்டயும் சொல்லல. சொல்லணும்னுதான் ஆறு வாரமா இவங்ககிட்ட ஐஞ்சு ஐஞ்சுன்னு பொய் சொன்னேன். எனக்கு இன்னமும் ஒம்போதுதாங்க."

முன்வரிசையில் அப்துல் ஹமீது தலையைக் குனிந்துகொண்டார். மாசிலாமணி காத்திருந்தார். யாராவது ஏதாவது சொல்வார்கள்.

ரமணன் எழுந்து முதலில் கைதட்டினார். ஊழியர்கள் தட்டினார்கள், அதைப் பார்த்து எல்லாரும் தட்டினார்கள்.

"பாருங்கள்!" என்றார் ரமணன் ஒலிவாங்கியில், குரல் தழுதழுக்க. "ஆறு அமர்வுகளுக்கு முன் இவரால் இப்படிப் பேசியிருக்க முடியுமா? இதுதான் நிம்மதித்தளம்!" பிறகு ஒலிவாங்கியைக் கையால் பொத்திக்கொண்டு, படம் எடுக்கிறவரிடம், "வணக்கத்தையும் நன்றியையும் வச்சுக்குங்க, நடுவுல உள்ளத கட் பண்ணிடுங்க," என்றார். மாசிலாமணி நன்றி என்று சொல்லியிருக்கவில்லை. அதையும் எங்கிருந்தாவது எடுத்து ஒட்டிவிடுவார்கள். சான்றிதழைக் கையில் திணித்தார்கள். கண்ணாடிச் சட்டம் போட்டிருந்தது. 'குணமடைந்தவர்' என்று பொன் எழுத்தில் இருந்தது. குழுப்படம் எடுக்க இன்னும் ஐந்து நிமிடம் இருக்கிறது, அதற்குள் சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்றார்கள்.

அவர் சாப்பாட்டு மேசைக்குப் போனார். இருபத்து நான்கு வருடம் ஓட்டிய வண்டியைத் திங்கட்கிழமை மறுபடி கொடுத்துவிடுவார்கள். அதே சாலை, அதே கை. இவ்வளவையும் வாய்விட்டுச் சொன்ன பிறகும் நெஞ்சில் இருந்தது இம்மிகூட அசையவில்லை. அவருக்குக் கோபம் வந்தது. ஒன்பது மாதத்தில் முதல் தடவையாக, தன்மேல் இல்லாத கோபம்.

மேசைக்குப் பின்னால் நின்று தட்டுகளில் பீஹூன் அரிசிச் சேமியாவைப் போட்டுக்கொண்டிருந்தாள் பூவம்மா. விழாவுக்குச் சாப்பாடு அவள் பொறுப்பு. மேடையில் நடப்பதைக் கவனிக்க அவளுக்கு யாரும் சம்பளம் தரவில்லை. அதனால்தானோ என்னவோ முழுவதையும் கவனித்திருந்தாள்.

"அண்ணே, ஒண்ணு கேக்கவா?"

"கேளுங்கம்மா."

"எந்தக் கைய எடுத்தீங்க?"

மாசிலாமணி தட்டைக் கீழே வைத்தார். "வலது கை."

"எவ்வளவு நேரம் இருக்கும்?"

"ஒரு செகண்டு. ரெண்டுகூட இருக்கலாம்."

"எடுக்காம இருந்திருந்தா ஒதுக்கியிருப்பீங்களா?"

போலீஸ் கேட்காத கேள்வி. கம்பெனி கேட்காதது. மஞ்சள் மணி மினுங்கி நிறுத்திய கேள்வி. மாசிலாமணி கண்ணை மூடினார். கடற்கரை வரவில்லை. சிராங்கூன் சாலைதான் வந்தது.

"வலது பக்கம் ஒரு வேன் வந்துக்கிட்டு இருந்துச்சும்மா. ஒதுக்கியிருந்தா அதுமேல போயிருக்கும். இல்ல, வேனு கொஞ்சம் பின்னால இருந்துச்சோ... தெரியலம்மா. எத்தன தடவ யோசிச்சாலும் தெரியல."

பூவம்மா சமாதானம் சொல்லவில்லை. கறி பஃப் தட்டை ஒருபக்கம் நகர்த்தினாள். "கைய எடுத்தது தப்புதான்," என்றாள்.

"தப்புதாம்மா."

"அவரு செவப்புல எறங்குனதும் தப்புதான்."

"ஆமாம்மா."

"அப்புறம்?"

"அப்புறம் நான் கீழ எறங்கி அவர் பக்கத்துல ஒக்காந்தேன். மணி என்னன்னு கேட்டாரு. ஆறு நாப்பதுன்னு சொன்னேன். லேட்டாயிடுச்சேன்னு..." அதற்குமேல் வரவில்லை. அவர் அழுதார். சத்தம் போட்டு அழுதார். பூவம்மா ஒரு நாற்காலியை அவர் பக்கம் தள்ளிவிட்டு, தானும் ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வரிசையில் நின்றவர்கள் பீஹூனைத் தாங்களே போட்டுக்கொண்டார்கள்.

அகிலன் ஓடிவந்தான். அருவி இல்லாமல் அவன் சின்னப் பையனாகத் தெரிந்தான், இரண்டு காதும் இருந்தன.

"அக்கா, மன்னிச்சுக்குங்க. செர்டிபிகேட் இல்லாதவங்க இங்க ஆலோசனை சொல்லக் கூடாது. ரூல்ஸ்லா. அதோட இவரு கேஸ் க்ளோஸ் ஆயிடுச்சு."

"நான் எங்க தம்பி ஆலோசனை சொன்னேன்?" என்றாள் பூவம்மா. "கேட்டுக்கிட்டுல்ல இருக்கேன்."

அகிலன் மேடையைத் திரும்பிப் பார்த்தான். அங்கே ரமணன் எல்லாரையும் உயரவாரியாக நிறுத்திக்கொண்டு, பத்தாயிரமாவது ஆள் எங்கே என்று ஒலிவாங்கியில் கூப்பிட்டார். மாசிலாமணி முகத்தைத் துடைத்தார். சான்றிதழை எடுத்து அகிலன் கையில் கொடுத்தார்.

"இத நடுவுல பிடிச்சுக்கிட்டு நீங்க போட்டோ எடுத்துக்குங்க தம்பி," என்றார். "நான் இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கேன்."